பூங்காவில் நாய்க்குத் தடை: அந்தப் போர்டை யார் படிக்கிறார்கள்?

எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாயைப் பற்றித்தான் பேச்சு. ஆரம்பித்து வைத்தவர் காங்கேயத்துப் பக்கம் ஆடு வைத்திருக்கும் பெரியப்பா. விடியக்காலை பட்டிக்குள் ஆறு செம்மறி கழுத்துக் கிழிந்து கிடந்த படத்தைப் போட்டு, "இந்த நாய்களை ஊருக்குள்ளயே விடக் கூடாது சாமி" என்று குரல் பதிவு அனுப்பினார். கோவையில் இருக்கும் அத்தை மகள், தினமும் காலையில் தன் லேப்ரடாரைக் கூட்டிக்கொண்டு குளக்கரையில் நடப்பவள், "எங்க ரோஸி யாரைங்க மாமா கடிச்சுது? அதைப் போய்ப் பூங்காக்குள்ள விட மாட்டேங்கறாங்க" என்று பதில் போட்டாள். நடுவில் ஒரு சித்தப்பா, பொது இடங்களில் இருக்கும் எல்லா நாயையும் தூக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டே உத்தரவு போட்டுவிட்டது என்று ஒரு பார்வர்டு அனுப்பினார். சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள்.

ராத்திரி உட்கார்ந்து அத்தனையையும் மறுபடி படித்துப் பார்த்தேன். பெரியப்பா சொன்ன நாய் வேறு, அத்தை மகள் சொன்ன நாய் வேறு, கோர்ட் சொன்ன நாய் வேறு. "தடை" என்ற சொல்லையும் ஆளுக்கு ஒரு அர்த்தத்தில் பிடித்துக்கொண்டு பேசியிருந்தார்கள். டீக்கடையிலும் டிவி விவாதத்திலும் நடப்பது இதேதான். அதனால் அடியில் இருந்து ஒருமுறை பார்த்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை, வக்கீலும் இல்லை. ஆடும் நாயும் வளர்க்கிற வீட்டில் வளர்ந்தவன், அவ்வளவுதான்.

ஒரு பெயர், மூன்று நாய்

முதலாவது வீட்டு நாய், ரோஸி மாதிரி. கழுத்தில் பட்டை, அதில் கயிறு, வருடம் தவறாமல் ஊசி, சாப்பாடு வீட்டில். அது எங்கே போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதை ஒரு மனிதர் முடிவு செய்கிறார்.

இரண்டாவது தெரு நாய். பேருந்து நிலையம், சந்தைப்பேட்டை, கறிக்கடை வாசல், கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் என்று எங்கே தின்னக் கிடைக்கிறதோ அங்கே இருக்கும். தெருவிலேயே பிறந்து வளர்ந்து, யாருக்கும் சொந்தமில்லாமல் வாழும் இதைச் சட்டம் "சமூக விலங்கு" என்று சொல்கிறது.

மூன்றாவதுதான் எல்லாப் பேச்சிலும் விட்டுப்போகிறது. அது தோட்டத்து நாய். நம் பக்கம் தோட்டத்துச் சாளையில் நாய் இல்லாத வீடு குறைவு. பகலில் கட்டிப்போட்டு, ராத்திரி காவலுக்கு அவிழ்த்து விடுவோம். அவிழ்த்த பிறகு சோளக்காட்டைத் தாண்டி, தார் ரோட்டைத் தாண்டி, எந்தெந்த நாயோடு சேர்ந்து எவ்வளவு தூரம் போகிறது என்று நமக்குத் தெரியாது. விடிந்து பார்த்தால் வாசலில் சுருண்டு படுத்திருக்கும், "நம்ம நாய் எங்கயும் போகாதுங்க" என்று சத்தியம் பண்ணுவோம். சொந்தக்காரர் உண்டு, ஆனால் ராத்திரி எட்டு மணியில் இருந்து காலை ஆறு மணி வரை அதுவும் தெரு நாய்தான்.

தனியாக இருக்கையில் சாதுவாக இருக்கும் நாய்கூட நாலைந்தோடு சேர்ந்துவிட்டால் மாறிவிடும். எது ஓடினாலும் அதைத் துரத்துவது நாயின் சுபாவம். பட்டிக்குள் புகுந்ததும் ஆடு மிரண்டு ஓடுகிறது, ஓடுவதைப் பார்த்து நாய் துரத்துகிறது, ஒன்றைக் கடித்துப் போட்டால் அடுத்தது ஓடுகிறது. பட்டியில் இருந்து வெளியே தப்பிக்கவும் வழி கிடையாது. ஆறு ஏழு ஆடு செத்துக் கிடந்தும் ஒன்றைக்கூடச் சரியாகத் தின்னாமல் போயிருப்பதைப் பார்த்து "வெறி பிடித்த நாய்" என்கிறோம். பெரும்பாலும் அது வெறியும் இல்லை, பசியும் இல்லை, துரத்தும் சுபாவம் அடங்க இடமில்லாமல் போனதுதான். காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கத்து விவசாயிகள் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு உட்கார்ந்து போராடினார்கள், அரசும் இழப்பீடு அறிவித்தது. ஒரு பெட்டை ஆடு என்பது அந்த வருடத்துப் பள்ளிக்கூடச் செலவு. அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

சரி, இதுவரைக்கும் சொன்னது இவ்வளவுதான்: ஆள் கையில் இருக்கும் நாய், ஆளே இல்லாத நாய், ஆள் இருந்தும் பாதி நேரம் கையில் இல்லாத நாய். இனி "தடை" என்று படிக்கும்போதெல்லாம், இந்த மூன்றில் எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தடை என்பது ஆளுக்கு

ஈரோட்டுக் கடைவீதியில் ஒருவழிப் பாதை என்று போர்டு வைத்தால் வண்டி உள்ளே போகாது. போர்டைப் படித்தது வண்டியா? ஓட்டுகிறவர். மீறினால் அபராதம் கட்டுவதும் அவர்தான். பூங்கா வாசலில் "நாய்களுக்கு அனுமதி இல்லை" என்று எழுதுவதும் அதே மாதிரிதான். எழுத்து நாயைப் பற்றியது, உத்தரவு அதைக் கூட்டி வருகிறவருக்கு.

இதை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வீட்டு நாய் விஷயத்தில் தடை அப்படியே பலிக்கும், ஏனென்றால் படிக்க ஒருவர் இருக்கிறார். தோட்டத்து நாய் விஷயத்தில், அது யாருடையது என்று காட்ட முடிந்தால் மட்டும் பலிக்கும். தெரு நாய்க்கு அந்தப் போர்டு ஒரு தகரத் துண்டு. அதன் நிழலிலேயே படுத்துக்கொள்ளும்.

வீட்டு நாய்க்காரருக்குச் சட்டப் பொறுப்பும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் வசம் இருக்கும் விலங்கால் அடுத்தவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. இது புதிதாக வந்த சட்டமும் இல்லை, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவாக இருந்ததுதான்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறியது ஞாபகம் இருக்கும். நாயின் சொந்தக்காரர் கைதானார். அதற்கு இரண்டு மாதம் முன்னால், மார்ச்சில்தான், ஆபத்தானவை என்று சொல்லி 23 இன நாய்களை வளர்க்க அனுமதிக்க வேண்டாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ஏப்ரலிலேயே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இனத்துக்குத் தடை என்பது ஒன்று, இடத்துக்குத் தடை என்பது இன்னொன்று. செய்தியில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள்.

கோர்ட் உண்மையில் சொன்னது

இங்கே தேதி முக்கியம், அதனால் கொஞ்சம் பொறுமையாக.

தெரு நாய்களுக்கான அடிப்படை விதி, விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள். 2001இல் வந்தது, 2023இல் புதிதாக மாற்றி எழுதப்பட்டது. சாராம்சம் இதுதான்: தெரு நாயைப் பிடி, கருத்தடை செய், வெறிநாய் ஊசி போடு, எங்கே பிடித்தாயோ அங்கேயே கொண்டுவந்து விடு. அடையாளத்துக்கு ஒரு காதில் சின்னதாக வெட்டு வைப்பார்கள். அடுத்த முறை தெருவில் நாயைப் பார்க்கும்போது காதைப் பாருங்கள், வெட்டு இருந்தால் அறுவை முடிந்த நாய்.

2025 ஆகஸ்ட் 11 அன்று சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு நீதிபதி அமர்வு, டில்லியிலும் சுற்றுப்புற நகரங்களிலும் உள்ள தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும், திரும்ப விடக் கூடாது என்றது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதி அமர்வு அதை மாற்றியது: கருத்தடையும் ஊசியும் முடித்துப் பழைய இடத்திலேயே விடலாம், வெறிநோய் பிடித்ததையும் மூர்க்கமாக நடந்துகொள்வதையும் மட்டும் விடக் கூடாது, தெருவில் கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் வைக்கலாம். நவம்பர் 7 அன்று இன்னொரு உத்தரவு வந்தது, இது நாடு முழுவதற்கும். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் இருந்து தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது, அந்த வளாகங்களுக்கு வேலியும் போட வேண்டும்.

சித்தப்பா அனுப்பிய பார்வர்டு இந்தக் கடைசி உத்தரவைப் பற்றியது. அந்தப் பட்டியலில் பூங்காவோ, குளக்கரையோ, அருவியோ, அணையோ கிடையாது. எல்லாப் பொது இடமும் கிடையாது. வீட்டு நாய் அந்தப் பேச்சிலேயே இல்லை.

கிணறும் ஊற்றும்

"பிடித்துக்கொண்டு போய் எங்காவது விட்டால் முடிந்தது" என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் போட்டு மூன்று மணி நேரம் ஓட்டினால் அடிப்பாறை தெரியும். மறுநாள் காலை எட்டிப்பார்த்தால் பழைய மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். நேற்று இறைத்தது பொய்யில்லை. ஊற்று நிற்கவில்லை, அதுதான் சங்கதி. தெரு நாய்க்கு ஊற்று எது? தீனி.

ஒரு இடத்தில் கிடைக்கும் தீனி, தண்ணீர், ஒதுங்கும் இடம் இதையெல்லாம் வைத்து இத்தனை உயிர்தான் அங்கே பிழைக்க முடியும் என்று ஒரு அளவு இருக்கும். அதற்குத் தாங்குதிறன் என்று பெயர். கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், இத்தனை ஏக்கருக்கு இத்தனை ஆடு என்று நம் பெரியவர்கள் கணக்கு வைத்திருப்பார்களே, அதே கணக்கு. ஒரு பேருந்து நிலையத்துக் குப்பை இருபது நாய்க்குத் தாங்கும் என்று வையுங்கள். அதில் பதினைந்தைப் பிடித்தாயிற்று, குப்பை அப்படியே கிடக்கிறது. என்ன நடக்கும்? பக்கத்துத் தெருவில் தீனிக்கு அடித்துக்கொண்டிருந்த நாய்கள் இங்கே வரும். மிச்சமிருந்த ஐந்தில் பெட்டை இருந்தால் அது போடும் குட்டிகளில் முன்பைவிட அதிகமாகப் பிழைக்கும். நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள்தான், ஒரு ஈத்தில் நாலைந்து குட்டி சாதாரணம். ஒன்றிரண்டு வருடத்தில் பழைய மட்டத்துக்கு வந்துவிடும். இப்படிக் காலியான இடம் தானாக நிரம்புவதை வெற்றிட விளைவு என்கிறார்கள். வந்து சேர்கிற நாய் ஊசி போடாததாக, அந்த இடத்து மனிதர்களைப் பழகாததாக இருந்தால் நிலைமை முன்பைவிட மோசம்.

சென்னையில் நூறு வருடத்துக்கும் மேலாக நாயைப் பிடித்துக் கொன்றுகொண்டுதான் இருந்தார்கள். நாய் தீரவில்லை. 1996இல் கருத்தடைக்கு மாறினார்கள்.

ஆனால் வெற்றிட விளைவைச் சொல்லிக்கொண்டு "அதனால் எதையும் தொடவே கூடாது" என்று முடிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஊற்று இருந்தால்தான் கிணறு நிரம்பும். வேலி போட்டு, கதவு வைத்து, உள்ளே தீனி விழாமல் பார்த்துக்கொண்டால் பிடித்த இடம் காலியாகவே இருக்கும். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் வேலி போடச் சொல்லி கோர்ட் சேர்த்துச் சொன்னது அந்தக் காரணத்தால்தான். வேலியும் இல்லை, மூடிவைத்த குப்பைத் தொட்டியும் இல்லை என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாய் வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நம் பக்கத்து ஊற்று

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன், கொங்குநாட்டில் விஷயமே இதுதான் என்று நினைக்கிறேன்.

பல்லடத்தில் கறிக்கோழி, நாமக்கல்லில் முட்டைக்கோழி, தெருவுக்குத் தெரு கறிக்கடை. ஒரு கோழியை உரித்தால் இறகு, தலை, கால், குடல் என்று கணிசமான பங்கு கழிவாகப் போகிறது. அதை முறையாக எடுத்துப் போக ஏற்பாடு இருக்கும் ஊரில் பிரச்சினை இல்லை. இல்லாத ஊரில் சாக்கில் கட்டி ராத்திரியில் வாய்க்கால் கரையிலும் பைபாஸ் ஓரத்திலும் போட்டுவிட்டுப் போகிறார்கள். போன தை மாதம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்ட) வாய்க்கால் ஓரம் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். வெள்ளை உரச்சாக்கு, வாய் கட்டிய கயிறு அப்படியே இருக்க, பக்கவாட்டில் கிழித்து இழுத்திருந்தது. சுற்றிலும் இறகு. பதினொரு நாய் எண்ணினேன், எல்லாம் நல்ல கொழுத்த நாய். அந்த இடத்தில் இருந்து நூறு அடியில் ஒரு கிளுவை வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவருடைய ஆட்டுப் பட்டி. தினமும் பச்சைக் கறியும் ரத்தமும் தின்று பழகிய கூட்டம் ஒன்று, ஒருநாள் சாக்கு வராத ராத்திரியில் எந்தப் பக்கம் திரும்பும்?

சுற்றுலா இடத்திலும் இதே கணக்குதான். கொடிவேரி அணைக்குப் போனால் குளித்துவிட்டு வறுத்த மீன் சாப்பிடாமல் வருகிறவர்கள் எத்தனை பேர்? தின்ற முள்ளையும் மிச்சத்தையும் உட்கார்ந்த இடத்திலேயே போட்டுவிட்டு எழுந்து போகிறோம். அரை மணி கழித்து அங்கே நாய் படுத்திருக்கிறது, அடுத்து வரும் குழந்தை கையில் மீனோடு அதன் பக்கத்தில் உட்காருகிறது. நாய் கடித்தால் செய்தி, முள்ளைப் போட்டவர் பெயர் செய்தியில் வராது.

தெரு நாய்க்குச் சோறு வைப்பவர்களும் இதைக் கேட்க வேண்டும். 2023 விதிகள் சோறு வைப்பதைத் தடுக்கவில்லை, இடத்தைத்தான் சொல்கின்றன: குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, ஆட்கள் வந்துபோகும் வாசல் இவற்றில் இருந்து தள்ளி, குறிப்பிட்ட நேரத்தில். ஒரே இடத்தில் ஒரே நேரத்துக்கு வைக்கும்போது நாய் பழகும், கருத்தடைக்குப் பிடிக்கவும் லேசாக இருக்கும். நடைபாதை முழுக்க பிஸ்கட்டை இறைத்துக்கொண்டே போனால் நடைபாதை முழுக்க நாய்க்குச் சொந்தமாகிவிடும்.

கருத்தடை ஒரு வேலை, ஊசி வேறு வேலை

இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் செய்வதால் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம்.

கருத்தடை, எண்ணிக்கைக்கு. செய்த அன்றே தெருவில் நாய் குறையாது, அறுவை முடிந்த நாய் திரும்ப அதே தெருவுக்குத்தான் வரும். புதுக் குட்டி பிறக்காமல், இருப்பது வயதாகிச் சாகச் சாக, சில வருடத்தில் குறையும். கடியும் ஓரளவு குறையும், ஏனென்றால் துணைக்காகச் சண்டை போடுவதும், குட்டி போட்ட தாய் கிட்டே வருகிறவரைப் பாய்ந்து கடிப்பதும் குறைகிறது. ஆனால் கருத்தடை செய்த நாய் கடிக்கவே கடிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு வார்டில் செய்து நாலு வார்டில் விட்டாலும் பலன் கிடையாது, பக்கத்து வார்டில் இருந்து குட்டிகள் வந்துகொண்டே இருக்கும்.

ஊசி, வெறிநோய்க்கு. சித்திரை வெயிலில் காய்ந்த கொறங்காட்டில் ஒரு மூலையில் தீ பிடித்தால் புல் தொடர்ந்து இருக்கும் வரை ஓடும். நடுநடுவே புல்லை வழித்து வெறும் மண்ணாக்கி வைத்திருந்தால் அங்கங்கே நின்றுவிடும். ஊசி போட்ட ஒவ்வொரு நாயும் அப்படி வழித்துவிட்ட மண். எல்லா நாய்க்கும் போட முடியாவிட்டாலும் 100க்கு 70 நாய்க்குப் போட்டுக்கொண்டே வந்தால் நோய் தொடர்ந்து ஓட முடியாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. கூட்டத்தில் பெரும்பாலோர் காப்பு பெற்றதால் மிச்சமிருப்பவரும் காக்கப்படுவதை மந்தை எதிர்ப்பாற்றல் என்பார்கள்.

வெறிநோய் பற்றி ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கட்டுரையில் மற்றதை மறந்தாலும் இது ஞாபகம் இருக்கட்டும். கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. கடித்த இடத்தில் இருந்து நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறுகிறது. வழக்கமாக 2, 3 மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வாரத்திலும் வரும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் அநேகமாக ஒருவரும் பிழைப்பதில்லை. அதற்கு முன்னால் முறையாக ஊசி போட்டுக்கொண்டவர் பிழைத்துக்கொள்வார். அதனால் கடித்தாலும் பிறாண்டினாலும், நம் வீட்டு நாயாகவே இருந்தாலும், முதல் வேலை குழாயைத் திறந்து விட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் வைத்து அப்பாதீர்கள். அப்புறம் நேராக ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருப்பவர்கள் கிராமத்தில் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்த ஊசி ஒழிந்து எத்தனையோ வருடம் ஆகிறது. இப்போது கையில்தான், முதல் ஊசி போடும் அன்றைக்கு, பிறகு 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். அரசு மருத்துவமனையில் இலவசம். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றியே இன்னொரு மருந்தும் போடுவார்கள், அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நம் தலைக்கு மேலே குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் இந்த நோய்க்காகவே வந்தது. இன்னும் நம் பக்கத்தில் இதில் சாவு நடப்பது வேதனை.

சுருக்கமாக: கருத்தடை கிணற்றின் மட்டத்தை மெதுவாக இறக்குகிறது, ஊசி தீயை நிறுத்துகிறது, தீனியை மூடினால் ஊற்று அடைபடுகிறது. ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றின் பலனை எதிர்பார்ப்பதால்தான் "இத்தனை செலவு பண்ணியும் நாய் குறையலையே" என்ற பேச்சு வருகிறது.

எங்கே தடை வேண்டும், எங்கே வேண்டாம்

இப்போது ரோஸிக்கு வருவோம். வீட்டு நாய்க்குத் தடை பலிக்கும் என்று பார்த்தோம். பலிக்கும் என்பதற்காக எல்லா இடத்திலும் போட வேண்டுமா? இதில் என் கருத்து இடத்துக்கு இடம் மாறும்.

காட்டுக்குள் கூடவே கூடாது. சேத்துமடை தாண்டி டாப்சிலிப் போகிறோம் என்றால் ரோஸி வீட்டில்தான் இருக்க வேண்டும். அது யாரையும் கடிக்காது, சரி. ஆனால் ஆனைமலைக் காட்டில் செந்நாய் இருக்கிறது, நாய்க்கு வரும் நோய் அதற்கும் வரும். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரத்துக்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது, அவற்றில் பலவற்றில் டிஸ்டெம்பர் என்ற வைரஸைக் கண்டுபிடித்தார்கள். நாய்களிடையே சாதாரணமாகப் பரவும் கிருமி அது. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் நாய்கூட அதைச் சுமந்துகொண்டு போகும்.

பறவை இருக்கும் குளத்திலும் அப்படித்தான். வெள்ளோடும் திருப்பூர் நஞ்சராயன் குளமும் பறவைகள் சரணாலயங்கள், இரண்டும் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகள் பட்டியலில், இருக்கின்றன. ஆள்காட்டிக் குருவி கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில் லேசாகக் குழி பறித்து, மண்ணும் கல்லும் கலந்த நிறத்தில் நாலு முட்டை வைக்கும். எனக்கு ஒருமுறை காலடியில் இருந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை, தாய்க்குருவி தலைக்கு மேல் கத்திக்கத்திச் சுற்றியதால்தான் குனிந்து பார்த்தேன். நாய்க்குக் கண் தேவையில்லை, மூக்குப் போதும். கயிற்றில் இருக்கும் நாயைப் பார்த்தாலும் தாய் எழுந்து பறக்கும், வெயிலில் முட்டை வேகும்.

குழந்தைகள் விளையாடும் மண் தொட்டியிலும் தடை சரி. காரணம் கடி இல்லை, மலம். நாயின் குடலில் இருக்கும் உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், குழந்தை கை வாய்க்குப் போகும். ஒரு கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்தே ஏறிவிடும்.

ஆனால் நடைப்பாதை, சரணாலயம் அல்லாத குளக்கரை, பெரிய பூங்காவின் புல்வெளி இதற்கெல்லாம் முழுத் தடை அநியாயம் என்றே நினைக்கிறேன். கயிறு கட்டாயம், மலத்தை எடுக்கப் பை கட்டாயம், ஊசி போட்ட அட்டை கையில், பெரிய நாய்க்கு வாய்மூடி, கூட்டம் குறைந்த நேரம் என்று நிபந்தனை போட்டு விடலாம். மகனும் மகளும் வெளிநாட்டில் இருக்க, நாயோடு மட்டும் குடியிருக்கும் எத்தனையோ வயதானவர்கள் கோவையில் இருக்கிறார்கள். அவர்கள் காலையில் வெளியே வருவதே நாய் இழுப்பதால்தான். கண் தெரியாதவருக்கு வழிகாட்டும் நாயை எந்தத் தடையிலும் சேர்க்கவே கூடாது.

கூட்டி வருகிறவர்களும் மற்றவர் பயத்தை மதிக்க வேண்டும். "ஒண்ணும் பண்ணாது, பயப்படாதீங்க" என்று நீளக் கயிற்றை விட்டுக்கொண்டு வருவது தப்பு. சின்ன வயதில் கடிபட்டவருக்கு அந்த வார்த்தை உதவாது. கயிற்றைச் சுருட்டிக் கையில் பிடித்து, நாயை உங்களுக்கு மறுபக்கம் கொண்டுவாருங்கள், அது போதும்.

தெரு நாய் பூங்காவுக்குள் வராமல் இருக்க போர்டு உதவாது என்று பார்த்தோம், அங்கே செலவைச் சுவரில் போட வேண்டும். நான் பார்த்த ஒரு பூங்காவில் ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி, வாசலில் பெரிய எழுத்தில் தடைப் பலகை. வேலிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியாக நாய் போய்வந்து மண் வழவழவென்று தேய்ந்திருந்தது, கம்பியில் ரோமம் ஒட்டியிருந்தது. உள்ளே தின்பண்டக் கடை, மூடி இல்லாத தொட்டி.

பெரியப்பாவின் பட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். பட்டிக்குப் பின்னால் இருக்கும் கோழிப்பண்ணையில் கேமரா இருக்கிறது, அதில் பதிவானதைப் பார்க்கலாம் என்று பெரியப்பாவைக் கூட்டிப் போனேன். ராத்திரி ரெண்டே கால். ஐந்து நாய் வரிசையாக ரோட்டைத் தாண்டி வருகின்றன. மூன்று வெறுங்கழுத்து. இரண்டின் கழுத்தில் பட்டை. ஒன்று வெளிச்சத்தில் திரும்பியபோது பெரியப்பா திரையைக் கையால் தொட்டார். "இது நம்ம கிழக்காலத் தோட்டத்து நாயாச்சே" என்றார். அதற்கு அவரே பலமுறை சோறு வைத்திருக்கிறார்.

அன்றைக்குச் சாயங்காலமே நடந்து போனோம். சண்டை வரும் என்று எனக்குப் பயம். அந்தத் தோட்டத்துக்காரர் போனில் படத்தைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "கட்டிப் போட்டா குரைச்சே செத்துப்போகுதுங்கண்ணா, காவலுக்கும் ஆகாது" என்றார். பெரியப்பா வாசலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வேப்பமரத்தில் இருந்து மாட்டுக்கொட்டாய்த் தூண் வரைக்கும் தலை உயரத்தில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டச் சொன்னார். அதில் ஒரு இரும்பு வளையம், வளையத்தில் சங்கிலி. நாய் நாற்பது அடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடலாம், வாசலுக்கு யார் வந்தாலும் பாயலாம், ரோட்டைத் தாண்ட முடியாது. பழைய பந்தல் கம்பி மாட்டுக்கொட்டாயில் கிடந்தது. மூன்று பேரும் சேர்ந்து இழுத்துக் கட்டி முடிக்கும்போது இருட்டிவிட்டது. நாய் முதலில் கொஞ்ச நேரம் சங்கிலியைக் கடித்துப் பார்த்தது, பிறகு வளையம் கம்பியில் கிரீச்சென்று சத்தம் போட ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்தது, மரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அடுத்த வாரம் வாய்க்கால் ஓரத்துச் சாக்கு மூட்டைகளைப் பற்றி ஊராட்சியில் பேச இரண்டு தோட்டத்துக்காரர்களும் ஒன்றாகப் போவதாகப் பெரியப்பா குழுவில் எழுதினார். கீழே அத்தை மகள், பட்டை போட்ட நாய்களுக்கு ஊசி போட்டாச்சா என்று கேட்டிருந்தாள். ஒன்றுக்குப் போட்டிருந்தது. இன்னொன்று யாருடையது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.